தொண்டைமானாற்றில் ஒரு சும்மா நாள்

  கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கோ.

போன சனிக்கிழமை நாங்கள் இருவரும் தொண்டைமானாற்றுக்குப் போய்வந்தோம். இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் செய்தியாகிவிட்டது. காலையில் வெளிக்கிடும்போதே முன்வீட்டு லாத்தா, "ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டா. சந்தியில் நின்ற நானா ஒருவர், "என்ன மாஸ்டர், ரெண்டு பேரும் சேர்ந்து போறீங்க, எங்கயும் மௌத்தா?" என்றார். "ஒண்டுமில்ல, சும்மா கடல் பார்க்கப் போறம்" என்று சொன்னோம். இரண்டு பேரும் நம்பவில்லை.

அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குள் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வீதியில் இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆஸ்பத்திரி, கலியாணம், ஜனாஸா, காணிக் கந்தோர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. கடற்கரைக்குப் போவதென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது. பிள்ளைகள் வளர்ந்து போனபின் கடற்கரையும் முடிந்துவிடும். ஐம்பது வயது தாண்டிய இருவர் கடலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்கு எங்கள் ஊரில் பெயரே இல்லை. நபியவர்கள் (ஸல்) ஆயிஷா நாயகியுடன் (ரலி) ஓட்டப் போட்டி வைத்த ஹதீஸை ஜும்ஆ பயானில் கேட்டுச் சிரிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

வெள்ளைக்காரர்கள் இதற்கென்றே கடலுக்குள் பாலம் கட்டினார்கள். கப்பல் கட்டுவதற்காகத் தொடங்கிய ஜெட்டிகள் பிறகு நடந்து காற்று வாங்கும் இடங்களாயின. இங்கிலாந்தின் சவுத்எண்ட் ஜெட்டி இரண்டு கிலோமீற்றருக்கும் கூடுதலாகக் கடலுக்குள் போகிறது. அதன் நுனிவரை போவதும் திரும்பி வருவதும்தான் சனத்துக்கு அங்கே வேலை. எங்கள் நாட்டில் காலிமுகத்திடல் நடைபாதை 1859இல் ஆளுநர் ஹென்றி வோட் காலத்தில் முடிந்தது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணவேண்டும் என்று கல்லில் வெட்டியும் வைத்தார்கள். எங்களுக்கு அப்படி ஒரு ஜெட்டி கிடையாது. எங்களுக்கு வாய்த்தது தொண்டைமானாற்று அணைக்கட்டும் பாலமும்.

ஏன் தொண்டைமானாறு என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

வீட்டில் அவவின் வாப்பா புடவை வியாபாரி. 1990க்கு முன்னர் சோனகதெருவிலிருந்து ஒரு ரலி சைக்கிளில் புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு விடியச் சுபஹோடு வெளிக்கிடுவார். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி தாண்டித் தொண்டைமானாறு. அங்கிருந்து கெருடாவில், உடுப்பிட்டி, வல்வெட்டி. எல்லாம் கடனுக்குத்தான். ஒரு நீலக் கொப்பியில் பெயரும் தொகையும் எழுதிவைப்பார். அறுவடை முடிந்தால், கடல் கொழித்தால் காசு வரும்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த மாதத்துக்குள் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெறுங்கையோடு வெளியேறினோம். அந்தக் கதையை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை, இதை வாசிக்கும் பாதிப்பேர் அதை நடந்தவர்கள். ஒன்று மட்டும் சொல்கிறோம். மாமா அந்த நீலக் கொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, ஆர் எவ்வளவு தரவேண்டும் என்று கொஞ்சக் காலம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். பிறகு ஒருநாள் தொழுதுவிட்டு வந்து, "எல்லாருக்கும் ஹலாலாக்கிட்டன்" என்றார். அதோடு கணக்கு முடிந்தது. ஆனால் பாலத்தின் கதை முடியவில்லை. "தொண்டைமானாத்துப் பாலத்தடியில சைக்கிளச் சாத்திப்போட்டு, சோத்துப் பார்சல அவிழ்த்தா, அந்தக் காத்துக்கு முன்னால ராசா மாதிரி" என்று சாகும்வரை சொன்னார். 2007இல் புத்தளத்திலேயே மௌத்தானார். திரும்பி வந்து பார்க்கக் கிடைக்கவில்லை.

நாங்கள் கலியாணம் முடித்ததும் புத்தளத்தில்தான், 1998இல். 2010இல் யாழ்ப்பாணம் திரும்பினோம். இத்தனை வருஷத்தில் தொண்டைமானாற்றுக்கு 'போவம், போவம்' என்றதோடு சரி. வீடு திருத்த வேண்டியிருந்தது, மகளுக்குக் கலியாணம் வந்தது, பாடசாலை வேலை இருந்தது. கடலே தெரியாதவர்கள் இல்லை நாங்கள். முகாமும் கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் தண்ணிக் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டு பார்க்கும் கடல் வேறு.

இந்த முறை போகவேண்டி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் காணிக்கு ஆள் வந்திருக்கிறது. ஒன்றரைப் பரப்பும் பாதி திருத்திய வீடும். நல்ல விலை. மகள் புத்தளத்தில் குடும்பமாகிவிட்டா. மகன் கட்டாரில். "வித்துப்போட்டு இங்கால வாங்கோ உம்மா, அங்க ஆர் இருக்கினம்?" என்று மகள் ஒவ்வொரு வெள்ளியும் போனில் கேட்கிறா. வீட்டுக்குள் இதைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடம் ஒருவர் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவோம். திரும்பி வந்து குடியேறிய பல குடும்பங்களில் இதே கதைதான் என்று எங்களுக்குத் தெரியும்.

கோயிலடி என்பதால் மீன், இறைச்சி வேண்டாம் என்று அவ முதல்நாளே முடிவெடுத்துவிட்டா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். வாழையிலையில் இரண்டு பார்சல். ஒரு ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி. மோட்டார் சைக்கிளில் மாமாவின் பாதையாலேயே போனோம். நீர்வேலி வாழைத்தோட்டங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அச்சுவேலி கடந்ததும் காற்று மாறியது. சோளகக் காலம். வடகடல் அடங்கிக் கிடக்கும் காலம். வாடையில் போனால் இதே கடல் உங்களைக் கிட்ட விடாது.

முதலில் செல்வச்சந்நிதி. மாற்று மதத்தவராக இருந்தாலும் வடக்கில் வளர்ந்த எவருக்கும் சந்நிதி தெரியும். அன்னதானக் கந்தன் என்பார்கள். வருகிற எவருக்கும் சோறு போடும் கோயில். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்வார். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுவார்கள். நாங்கள் வெளிவீதியில் மரநிழலில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் கச்சான் வாங்கினோம். சந்நிதிக்குப் போய்க் கச்சான் வாங்காமல் வந்தால் போனதாகக் கணக்கில்லை.

கச்சான் கடை ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவ மெல்லக் கேட்டா.

"ஐயா, எண்பதுகளில இந்தப் பக்கம் சைக்கிளில புடவை விக்க வந்த சோனக ஆக்கள ஞாபகம் இருக்கோ?"

அவர் யோசித்தார். "கனபேர் வருவினம் பிள்ளை. மணிச்சத்தம் கேட்டா அம்மா முத்தத்துக்கு ஓடுவா. எண்டா பேர் ஞாபகமில்லை."

அவ வாப்பாவின் பெயரையும் அடையாளத்தையும் சொன்னா. அவர் தலையை ஆட்டினார். "இல்லைப் பிள்ளை. சும்மா ஓமெண்டு சொல்லலாம். ஆனா ஞாபகமில்லை."

அந்தப் பதிலுக்காக அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு அவர் தன் கணக்கைச் சொன்னார். 1987 மே மாதம் வடமராட்சிப் படை நடவடிக்கையில் முதல் ஓட்டம். திரும்பி வந்து கூரை போட்டது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது, அச்சுவேலியில் இருந்த தமக்கை வீட்டாரோடு இரண்டாம் ஓட்டம். அதன்பின் பாதுகாப்பு வலயம், முள்ளுக்கம்பி, பாஸ்.

அவர் சொல்லி முடிக்கவும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். 1990 ஒக்டோபர் 30 எங்களுக்கு. 1995 ஒக்டோபர் 30 அவர்களுக்கு. ஒரே திகதி. ஒருவரின் துக்கத்தை மற்றவரின் துக்கத்தால் கழித்துவிட முடியாது, கணிதம் அப்படி வேலை செய்யாது. ஆனால் ஓடியவனுக்கு ஓடியவனைத் தெரியும். "காசு வேண்டாம், கொண்டுபோங்கோ" என்றார் ஐயா. வற்புறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். மாமா வியாபாரி அல்லவா, கடன் வைத்துவிட்டுப் போவது சரியில்லை.

அணைக்கட்டடியில் போய் இருந்தோம். ஒருபக்கம் களப்பு. மறுபக்கம் கடலுக்குப் போகும் வாய்க்கால். கதவுகளுக்குக் கீழே இரண்டு பொடியன்கள் வீச்சு வலை எறிந்துகொண்டிருந்தார்கள். நீர்க்காகம் ஒன்று தூணில் சிறகு விரித்துக் காயவைத்தது.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவரால் இப்படி ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அவவுக்கு ஒரு பாடம் நடந்தது. உங்களுக்கும் சுருக்கமாக: யாழ்ப்பாணத்தில் உண்மையான ஆறு இல்லை. தொண்டைமானாறு என்பது வடமராட்சிக் களப்புக் கடலோடு சேரும் வாய். கருணாகரத் தொண்டைமான் என்ற சோழத் தளபதி உப்பு ஏற்றுவதற்காக இதை வெட்டினான் என்பது ஊர் வழக்கு, அதனால்தான் பெயர். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் மழைநீர். கடல் உள்ளே வந்தால் கிணறுகள் உவராகும். அதனால் கோடையில் கதவை மூடிக் கடலைத் தடுப்பதும், மாரியில் வெள்ளம் மிஞ்சினால் திறந்து விடுவதும்தான் அணைக்கட்டின் வேலை. ஆண்டுக்கு ஆண்டு உப்பு கழுவப்பட்டுக் களப்பு நன்னீராகும் என்ற கணக்கு. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில் இந்த வாய் ஒரு முக்கியமான இடம். ஆனையிறவுக் களப்பு நீரை வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவர நினைத்தார். முழுதாக நிறைவேறியிருந்தால் இன்று எங்கள் கிணறுகளின் கதை வேறு.

"அப்ப இந்தக் கதவு மூடியிருந்தாத்தான் நல்ல தண்ணியோ?" என்று கேட்டா.

"எப்பவும் மூடியிருந்தா வெள்ளம் ஊருக்குள்ள வரும். எப்பவும் திறந்திருந்தா உப்பு வரும். எப்பத் திறக்கிறது, எப்ப மூடுறது எண்டதுதான் வேலை."

"அதுதான் குடும்பத்திலயும்" என்று சொல்லிவிட்டுக் கச்சான் உடைத்தா. பாடம் அதோடு முடிந்தது.

இந்த ஊரின் பெயர் எங்கள் உயர்தர மாணவர்களுக்கு நல்ல பழக்கம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள் என்றால் வயிற்றைக் கலக்கும். வருஷக்கணக்காக அந்தப் பரீட்சையை எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த ஆற்றைப் பார்த்திருப்பார்கள்? வினாத்தாளின் தலைப்பில் பார்த்ததோடு சரி. இந்தக் கடலில் நீந்தியே பெயரெடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. இதே தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். பக்கத்து வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் போகவும் வரவும் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்விட்டார். அதே வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. இந்தக் கரையில் இருந்து பார்க்கும்போது, கடல் ஒரு காலத்தில் இவர்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி இருந்திருக்கிறது என்று விளங்கும்.

லுஹருக்கு நேரமானது. கிட்டடியில் பள்ளிவாசல் கண்ணில் படவில்லை. பாய் ஒன்று கொண்டுபோயிருந்தோம், நிழல்தான் தேடினோம். ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா, "என்ன தேடுறியள்?" என்றா. விஷயத்தைச் சொன்னோம். "அதுக்கென்ன, உள்ள வாங்கோ" என்று படலையைத் திறந்துவிட்டா. கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு, "குடிக்க ஏலாது, சவர்த் தண்ணி. கை கால் கழுவலாம்" என்றா. சற்று முன்னர் நடந்த பாடத்தின் செய்முறைப் பகுதி அது. வேப்பமரத்தடியில் தொழுதோம். முடியும்வரை அந்த அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு நின்றா. பெயரைக் கேட்டுக்கொண்டோம். இங்கே எழுதவில்லை. துஆவில் இருக்கிறா.

பிறகு அணைக்கட்டடிக்குத் திரும்பி வந்து பார்சலை அவிழ்த்தோம். மாமா சொன்ன காற்று அப்படியே இருந்தது. வாழையிலை பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட வேண்டும். பாதிச் சோற்றில் அவ நிறுத்திவிட்டு அழுதா. அதிகமில்லை, கொஞ்சம். பிறகு காணிக் கதையை அவவாகவே எடுத்தா.

"இஞ்சாருங்கோ. வாப்பா பதினேழு வருஷம் புத்தளத்தில இருந்து கதைச்சாரே, ஒரு நாளாவது வீட்டைப் பற்றிக் கதைச்சாரா? சுவர், கூரை, காணி உறுதி, ஒண்டும் கதைக்கேல்ல. இந்தப் பாலத்தைப் பற்றித்தான் கதைச்சார். இது அவருக்குச் சொந்தமுமில்ல."

உண்மைதான். இழந்ததைக் கணக்கெடுக்கிறபோது எல்லோரும் வீட்டையும் காணியையும் எழுதுகிறோம். விண்ணப்பப் படிவத்தில் அதற்குத்தான் இடம் இருக்கிறது. ஒரு மனுசன் இருபது வருஷம் சைக்கிள் மிதித்த பாதைக்கும், சோறு தின்ற பாலத்தடிக்கும், மணிச்சத்தத்துக்கு முற்றத்துக்கு ஓடிவந்த சனத்துக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

"அப்ப வித்தாலும் பரவாயில்லை எண்டுறீரோ?"

"அப்பிடிச் சொல்லேல்ல. அந்தக் காணி இருக்கிறதாலதான் நாங்க திரும்பி வந்தம். வந்ததாலதான் இண்டைக்கு இங்க இருக்கிறம். காணி இல்லையெண்டா எங்கட பேரப்பிள்ளையள் இந்தப் பக்கம் என்னத்துக்கு வருங்கள்? மியூசியம் பார்க்கவோ?"

நீண்டநேரம் கதைத்தோம். எவரும் எழும்பிப் போகவில்லை. எழும்பிப் போகக் குசினி இல்லை அங்கே. மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: இருவருக்கும் வயதாகிறது, இரவில் நெஞ்சு வலித்தால் பக்கத்தில் பிள்ளை இல்லை. சும்மா உணர்ச்சிவசப்பட்டுக் காணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. கடைசியில் அவ சொன்னதுதான் முடிவு. "விக்கிறதெண்டா விப்பம். ஆனா அடுத்த லீவுக்குப் பிள்ளையள் எல்லாரும் வந்து ஒரு கிழமை நிக்கட்டும். அதுகள இங்கயும் கூட்டி வருவம். பார்த்திட்டு, அதுக்குப் பிறகு விக்கச் சொல்லட்டும். பார்க்காததை விக்கச் சொல்லுறது லேசு."

வாங்க வந்தவருக்கு அன்றே போன் எடுத்து, இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டோம். மகளுக்கும் சொன்னோம். கொஞ்சம் கோபம்தான். ஆனால் வருகிறேன் என்றிருக்கிறா. இன்ஷா அல்லாஹ்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை பத்துக்கு முன் அல்லது அஸருக்குப் பின் போங்கோ, நடுப்பகல் வெயில் பொல்லாதது. கோயில் சூழல், உடுப்பிலும் சாப்பாட்டிலும் அதற்கு மரியாதை கொடுங்கோ. ஆற்றுவாயில் பிள்ளைகளைக் குளிக்க விடவேண்டாம், கதவு திறந்திருக்கும்போது இழுவை கண்ணுக்குத் தெரியாது. கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவாங்கோ. களப்பின் ஓரத்தில் தண்ணிப் போத்தல்கள் மிதப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. முக்கியமாக, போன் இரண்டையும் பையில் போட்டுவிட்டுப் போங்கோ.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வாப்பா, மூத்தாப்பா எந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போனார்கள்? சாவகச்சேரியா, காரைநகரா, சுன்னாகமா, பருத்தித்துறையா? எங்கே சைக்கிளைச் சாத்தினார்கள், எந்த மரத்தடியில் சோறு தின்றார்கள்? அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கோ. காணி உறுதி கந்தோரில் இருக்கும். இது அவர்களோடு போய்விடும். கேட்டபின் ஒருநாள் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய் இருங்கோ. காரணம் எதுவும் தேவையில்லை.

எல்லோருக்கும் அல்லாஹ் சுகத்தையும் ஓய்வையும் தரட்டும். எங்களுக்காகவும் துஆச் செய்யுங்கோ.